வெயிலுக்குக் காத்திருக்கும் ஊர்

சென்ற ஞாயிறு நண்பகலில் அம்மா காணொளி அழைப்பில் வந்தார். நான் மொட்டைமாடியில் நாற்காலியைத் தெற்கு நோக்கிப் போட்டு, முகத்தில் முழு வெயிலும் விழும்படி உட்கார்ந்திருந்தேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே அவருடைய குரல் உயர்ந்துவிட்டது. "என்னட்டி இது, உச்சி வெயில்ல வந்து உக்காந்திருக்க? மண்டையப் பிளந்துரும், உள்ள போ." "அம்மா, இங்க வெயிலே இப்பத்தான் வந்துச்சு" என்றேன். அவருக்கு அது புரியவில்லை; புரியவைக்க எனக்கும் வழி தெரியவில்லை. அழைப்பு முடிந்தபின் நெடுநேரம் மனம் கனத்திருந்தது. பெற்ற தாய்க்கும் எனக்கும் வெயில் இருவேறு பொருளாகிவிட்டதை அன்றுதான் உணர்ந்தேன்.

எங்களுடையது நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். அங்கே ஒரு வீட்டின் பெருமை அதன் நிழலில் இருக்கிறது. வாசலில் வேப்பமரம் உண்டா, திண்ணை குளுமையாக இருக்குமா, அடுக்களையில் மேற்கு வெயில் அடிக்காமல் இருக்குமா என்று பார்த்துத்தான் வீடு கட்டுவார்கள், பெண்ணும் கொடுப்பார்கள். டெல்லிக்கு வந்து முனிர்காவில் வாடகை வீடு தேடியபோது, தரகர் ஒவ்வொரு வீட்டிலும் பால்கனியைத் திறந்து காட்டி, "குளிர்காலத்தில் இங்கே நல்ல வெயில் வரும்" என்று அதையே முதற்சிறப்பாகச் சொன்னார். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகையும் கூடுதலாகக் கேட்டார்கள். அன்று விந்தையாக இருந்தது. முதல் மார்கழி முடிவதற்குள் அந்தக் கூடுதல் வாடகையின் நியாயம் எனக்கு விளங்கிவிட்டது.

டெல்லி ஏறத்தாழ 28.6 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 38 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அதே நாளில் எங்கள் நெல்லைச் சீமையில் அது 58 பாகை உயரத்தில் நிற்கும். அதனால்தான் இங்கே நடுப்பகலிலும் நம் நிழல் நம்மைவிட நீளமாகத் தரையில் கிடக்கிறது. இப்படித் தாழ்ந்து வரும் வெயில், தெற்குப் பார்த்த வீட்டில் பால்கனியைத் தாண்டிக் கட்டில் வரைக்கும் வந்து படுத்துக்கொள்ளும். வடக்குப் பார்த்த அறைக்கோ குளிர்காலம் முழுவதும் எட்டிப் பார்ப்பதில்லை. இரவில் 5, 6 டிகிரிக்கு இறங்கும் குளிரைச் சுவரும் தரையும் உறிஞ்சி வைத்துக்கொள்வதால், காலையில் வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே வெயிலில் இருப்பதே கதகதப்பு. ஆகவே விடுமுறை நாளில் மூடுபனி விலகி வெளிச்சம் தெளிந்ததும், குடியிருப்பு முழுவதும் ஆரஞ்சுக் கூடையும் வேர்க்கடலைப் பொட்டலமும் பாயும் குழந்தைகளுமாக மாடிக்கும் பூங்காவுக்கும் இடம் பெயர்கிறது. அந்தக் காட்சியை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ திருவிழா என்றே எண்ணினேன்.

எங்கள் மாடியில் கூடும் தமிழர்கள் மூன்று வீட்டுக்காரர்கள்: கும்பகோணத்து மாமி, மதுரைக்கார அக்கா, நான். மாடிக்குக் கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியும் எங்களோடு சேர்ந்துவிடுவார். வெயில் நகர நகர நாற்காலிகளும் நகரும். பதினொரு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தொடங்கும் எங்கள் பேச்சு, மூன்று மணிக்குக் கிழக்குச் சுவரோரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

சமையலும் வெயிலின் பின்னால்தான் போகிறது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிரிகள் 25 முதல் 30 டிகிரி வரையான வெப்பத்தில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஊரில் மாலையில் ஆட்டி வைத்தால் விடியும்முன் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும். எத்தனையோ மார்கழிக் காலைகளில், வழிந்த மாவைத் துடைத்தபடியே அம்மா வாசலில் கோலம் போடப் போவதைப் பார்த்திருக்கிறேன். டெல்லிக் குளிரில் அதே மாவு, ஊற்றியபடியே அசையாமல் கிடக்கும். அதனால் வெள்ளி இரவே ஆட்டிக் கம்பளியில் சுற்றி வைக்கிறேன். சனிக்கிழமை வெயில் வந்ததும் அந்தப் பாத்திரம் எங்களுக்கு முன்பாக மாடிக்குப் போகிறது. மாலையில் அது அணைத்து வைத்த ஓவனுக்குள், விளக்கு மட்டும் எரிய, மறுபடியும் உறங்கப் போகும். ஞாயிறு காலையில் மூடியைத் திறக்கும்போது, நுரைத்து எழுந்த மாவின் அந்தப் புளித்த மணம் முகத்தில் அடித்தால், அந்த வாரத்தின் சோர்வு முழுவதும் போய்விடுகிறது. குளிர்நாளில் உப்பைப் பொங்கிய பிறகே சேர்க்க வேண்டும் என்பது மாமியின் கட்சி. கரைக்கும்போதே உப்பைப் போட்டுக் கைச்சூடு படக் கலக்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. இரண்டு பக்கமும் நல்ல இட்லிதான் வருகிறது என்பதால் இந்த வழக்கு முடிவதாக இல்லை.

ஞாயிறு மதியம் பெரும்பாலும் எங்கள் ஊர்ச் சொதி. டெல்லியின் குளிர்காலக் காய்கறிகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும்: தோலோடு தின்னத் தோன்றும் பச்சைப் பட்டாணி, குங்குமச் சிவப்பில் நீண்ட கேரட், கட்டுக் கட்டாக வெந்தயக்கீரை, கடித்தால் நீர் சொட்டும் வெள்ளை முள்ளங்கி. பட்டாணியும் கேரட்டும் தேங்காய்ப்பாலில் வேகும்போது சொதிக்கு ஊரில் காணாத ஓர் இனிப்புக் கூடுகிறது. தேங்காய்க் கொழுப்புச் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் ஆகையால், பரிமாறிய கையோடு உண்ண வேண்டும். பேச்சில் மறந்துவிட்டால் மேலே வெண்ணிற ஆடை படர்ந்துவிடும். இதற்காகவே அக்கா சொதிச் சட்டியைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு பரிமாறுவார். கூடவே இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். ஆன்ட்டி தம் பங்குக்குக் கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும், மேலே ஒரு வெண்ணெய்க் கட்டியும் கொண்டுவருவார். சொதியை முதலில் ஐயத்தோடு பார்த்த அவர், இப்போது கிண்ணத்தை நீட்டி இரண்டாம் முறை கேட்கிறார். அதில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்க நான் முயல்வதே இல்லை.

உண்டபின் ஆன்ட்டி ஊசிகளை எடுப்பார். இங்கே பெண்கள் குளிர்கால வெயிலில் கம்பளி பின்னாமல் இருப்பது அரிது. சீதா (நேர்) ஒன்று, உல்டா (தலைகீழ்) ஒன்று என்று கண்ணியை மாற்றி மாற்றிப் போட அவர்தாம் எனக்குக் கற்றுக்கொடுத்தார். புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு அது எளிதில் வந்துவிட்டது; ஒரு வரிசையில் ஒரு புள்ளி தவறினால் முழுக் கோலமும் சரிவதைப் போலத்தான் இதுவும். இந்தப் பருவத்தில் அப்பாவுக்கு ஒரு மப்ளர் பின்னிக்கொண்டிருக்கிறேன். மார்கழி விடியலில் பெருமாள் கோயிலுக்குப் போகும்போது, 22 டிகிரியையே கடுங்குளிர் என்று சொல்லி அவர் துண்டைத் தலையோடு காதுக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்வார். இனி இதைக் கட்டிக்கொள்ளட்டும்.

எல்லா வாரமும் இப்படி வாய்ப்பதில்லை. சில நாள் மூடுபனியும் புகையும் கலந்து பகல் முழுவதும் சாம்பல் நிறத்தில் வானம் மூடிக்கிடக்கும். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டி நிற்கும். அந்நாட்களில் மாடிக் கதவு திறப்பதில்லை, மாவு பொங்குவதில்லை, மாமிக்கு மூச்சிரைப்பு வந்துவிடுகிறது. ஒரு தலைநகரம் தன் மக்களுக்கு வெயிலையும் காற்றையும் தர முடியாமல் ஆண்டுதோறும் இப்படி நிற்பது எனக்குச் சினத்தையே தருகிறது. வயலில் வைக்கோல் தாள் எரிப்பையும் வாகனப் புகையையும் கட்டடப் புழுதியையும் பற்றி எல்லாரும் எல்லாமும் அறிந்த பிறகும், அடுத்த கார்த்திகையில் அதே புகைதான் வருகிறது.

வானம் தெளிந்த ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் சிலரோடு குருகிராமைத் தாண்டிச் சுல்தான்பூர் தேசியப் பூங்காவுக்குப் போனோம். பறவை பார்ப்பது நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். ஏரிக்கரையில் ஊசிவால் வாத்துகளையும் தட்டைவாயன்களையும் தாண்டி, ஒரு மேட்டில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மங்கோலியாவிலும் திபெத்திலும் இனம் பெருக்கி, இமயமலையையே தாண்டி வரும் பறவைகள் அவை. அவற்றில் சில இன்னும் தெற்கே பறந்து, எங்கள் வீட்டிலிருந்து மிதிவண்டித் தொலைவிலுள்ள கூந்தன்குளம் வரைக்கும் வரும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைந்தபின், ஆச்சி என்னைக் கரையில் நிறுத்தி, "இதுக எல்லாம் விருந்தாளிக, சத்தம் போடாத" என்பார். சுல்தான்பூரில் நான் சத்தம் போடாமல் நின்றேன். உடன் வந்தவர்கள் அடுத்த பறவையைத் தேடிப் போய்விட்டார்கள். எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை இல்லாமல் உறக்கம் வருவதில்லை. கஜக், ரேவடி என்னும் எள் மிட்டாய்கள் வாங்காத ஜனவரி இல்லை. ஆனாலும் மாடிச் சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தால், என் கை தானாகவே அதை ஓட்டுவதற்கு எழுகிறது. இங்கே மாடியில் காயவைத்தது ஒன்றுமில்லை. கோடை விடுமுறையில் ஆச்சி பிழிந்து பரப்பிய கூழ்வடகத்துக்குக் காவலாக, தென்னோலை நிழலில் கம்போடு உட்கார்ந்திருந்த சிறுமியின் கை அது. பாதி காய்ந்து, நடுவில் இன்னும் ஈரமாக இருக்கும் வடகத்தின் சுவைக்கு நிகரான ஒன்றை இன்றுவரை நான் தின்றதில்லை.

இப்போது மாடியில் பொங்கலைப் பற்றிய பேச்சு நடக்கிறது. முந்தின நாள் மாலை பஞ்சாபியரின் லோஹ்ரிப் பண்டிகை என்பதால், ஆன்ட்டி வீட்டார் தீ வளர்த்து எள்ளும் வேர்க்கடலையும் சோளப்பொரியும் இடுவார்கள், எங்களையும் அழைத்துவிட்டார்கள். மறுநாள்தான் சிக்கல். பஞ்சாங்கம் சொல்லும் நல்ல நேரம் அதிகாலையில் வருகிறது. டெல்லியில் அந்த வேளையில் எதிர்வீட்டு விளக்கே பனியில் தெரியாது; சூரியன் முகம் காட்டப் பத்து மணியாவது ஆகும். நேரம் தவறக்கூடாது, அடுக்களையிலேயே பொங்கல் வைத்துக் கிழக்கு நோக்கிக் கும்பிட்டால் போதும் என்கிறார் மாமி. அடுப்பு அதிகாலையில் எரியட்டும், படையலை மட்டும் வெயில் வந்தபின் மாடிக்குக் கொண்டு போகலாம் என்கிறார் அக்கா. பெரியவர்களின் சொல்லுக்கு நான் எப்போதும் மறுப்புச் சொன்னதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் நிழல் தேடி ஒதுங்கும் எங்கள் ஊரே அந்த ஒரு நாள் காலையில் முற்றத்து வெயிலில் நின்று சூரியனுக்கு நன்றி சொல்கிறது. நாள்தோறும் அவருக்காகக் காத்திருக்கும் இந்த ஊரில் அவரைப் பாராமல் பொங்கல் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே அடுப்பையும் பானையையும் மாடிக்கே கொண்டு போகப் போகிறேன், பத்தரை மணி ஆனாலும் சரி. ஆன்ட்டி இரண்டு செங்கற்கள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.