ஒரே இடியில் நின்றுபோன கிரவுன் விக்டோரியா

போன சனிக்கிழமை ராத்திரி முடிந்த டெமாலிஷன் டெர்பியின், அதாவது பழைய கார்களை ஒன்றோடொன்று இடித்து நொறுக்கும் போட்டியின், மண் இன்னும் என் பூட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோள்பட்டை வலியும் போகவில்லை. ஆனால் ராத்திரி தூங்கவிடாமல் செய்வது அதெல்லாம் இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் எங்கள் வண்டி பட்ட பாடும், டிக்கிக்குள் இருந்த ஒரு சின்ன ஸ்விட்ச் முதல் ஆட்டத்திலேயே என்னை வெளியே அனுப்பியதும்தான். முதல் தடவை டெர்பி வண்டி கட்டப் போகிறவர்கள் இந்த இரண்டிலாவது மாட்டாமல் இருக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோவில். ஆகஸ்டில் நடக்கும் கவுண்டி ஃபேரில், அதாவது மாவட்டத் திருவிழாவில், நாலு வருஷமாக டெர்பியைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தவன், இந்த வருஷம் நாமே ஒரு வண்டி கட்டினால் என்ன என்று ஆரம்பித்தேன். கூட நின்றது மனைவியின் தம்பி, நான் மாப்ளே என்று கூப்பிடுபவன். மதுரையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பழகியவன், வயரிங் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு.

பெரிய வண்டிப் பிரிவுக்குச் சேசிஸ் தனி, பாடி தனி என்று உள்ள பழைய வண்டிதான் வேண்டும். இங்கே உள்ள பெரியவர்கள் எழுபதுகளின் செவர்லே இம்பாலாவைப் பற்றிப் பேசினால் கண் பளிச்சென்று ஆகும். 1964 முதல் 66 வரை வந்த கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியலை இன்றும் பல ஃபேர்களில் உள்ளேயே விடுவதில்லை, அவ்வளவு உறுதி. அதெல்லாம் இப்போது நம் கைக்கு எட்டாது. செவர்லே காப்ரிஸ் 1996-ல் நின்றுவிட்டது. ஆக மிச்சம் ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா, மெர்க்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார், இந்த மூன்றும்தான். 2011 வரை வந்ததால் இன்னும் கிடைக்கின்றன. 2003-லிருந்து முன்பக்கச் சேசிஸும் ஸ்டியரிங்கும் வேறு மாதிரி, அதற்கென்று தனி விதி வைத்திருக்கும் ஃபேர்களும் உண்டு. அதனால் நான் தேடி வாங்கியது 2001 கிரவுன் விக்டோரியா.

வாங்கிய அன்றைக்கே முதல் அடி. ஒஹாயோவில் டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) விற்பவர் போடும் கையெழுத்து நோட்டரி முன்னால் போட்டதாக இருக்க வேண்டும். விற்றவர் நல்ல மனுஷர், எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். டைட்டில் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மா அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, "விற்றவரைக் கூட்டி வாருங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. விற்றவர் வீடு 70 மைல். அவர் மாற்று டைட்டில் வாங்கி மறுபடி கையெழுத்துப் போடுவதற்குள் அரை நாள் லீவு இரண்டு போயிற்று. நொறுக்கப் போகிற வண்டிக்கு டைட்டில் எதற்கு என்று நினைக்க வேண்டாம், முடிந்தபிறகு பழைய இரும்புக்குப் போட அதுதான் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்னால் விற்பவரையும் கூட்டிக்கொண்டு நோட்டரியிடம் போய்விடுங்கள்.

உரிக்கிற வேலை சுலபம், நேரம்தான் தின்னும். கண்ணாடி, பிளாஸ்டிக், கார்ப்பெட், பின்சீட்டு எல்லாம் வெளியே வர வேண்டும். பின் கண்ணாடியை உடைப்பதற்கு முன் உள்ளே தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் விரிக்கவில்லை. கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாகப் போய் ஒவ்வொரு இடுக்கிலும் உட்கார்ந்துகொண்டது, வேக்குவம் போட்டுப் போட்டு மூன்று நாள் ஆனது. ஒரு துண்டு கிடந்தாலும் இன்ஸ்பெக்‌ஷனில் திருப்பி அனுப்புவார்கள். ஏர்பேக்கைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள், தூக்கிக்கொண்டு போகும்போது அதன் முகம் உங்கள் பக்கம் இருக்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயம். இந்த வண்டியின் சாவிக்குள் சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கும், சிப்பைப் படிப்பது அதுதான். ஸ்டியரிங் கவரைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றிக் குப்பைப் பையில் போட்டுவிட்டோம். மறுநாள் சாவியைத் திருப்பினால் வண்டிக்கு உயிர் வரவில்லை, டேஷ்போர்டில் திருட்டு எச்சரிக்கை விளக்கு படபடவென்று மின்னுகிறது. "மாமா, அந்தப் பையை இன்னும் வெளியே வைக்கலையே?" என்று மாப்ளே கேட்டதும் ஓடினேன். நல்லவேளை, குப்பை வண்டி அடுத்த நாள்தான். பிளாஸ்டிக் உறைகள், ஸ்க்ரூக்கள், காப்பிக் கப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது அந்த வளையம்.

டிரைவர் கதவுக்கு வெல்டிங், சீட்டுக்குப் பின்னால் குறுக்குக் கம்பி, பேட்டரியை முன்சீட்டுத் தரைக்கு மாற்றுவது, பானெட்டில் தீயணைக்க 12 அங்குல ஓட்டை, ரேடியேட்டரில் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர், பின் ஆக்சிலில் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபரென்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டுவது, இதெல்லாம் இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. பெட்ரோல் டேங்க் மட்டும் இழுத்தது. ஒரிஜினல் டேங்கை எடுத்துவிட்டு, பின்சீட்டு இருந்த இடத்தில் சின்ன டேங்க் ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பம்பும் ஒரிஜினல் டேங்கோடு போய்விடும், வெளியே தனிப் பம்பு வைக்க வேண்டும். நான் வாங்கி வந்தது கார்புரேட்டர் வண்டிக்கானது, ஐந்தாறு பவுண்டு அழுத்தம்தான் தரும். இந்த 4.6 லிட்டர் எஞ்சினின் இன்ஜெக்‌ஷனுக்கு நாற்பதுக்குப் பக்கத்தில் வேண்டும். ஒருமுறை உறுமிவிட்டு அப்படியே அடங்கிப்போனது. கடையில் திருப்பி எடுக்க மறுத்தார்கள், இன்னொரு பம்பு வாங்கினோம். புதுப் பம்புக்குக் கரண்டைப் பழைய டேங்குக்குப் போன ஒயரிலிருந்தே எடுத்தோம். பிற்பாடு எங்களைக் கவிழ்த்தது அந்த ஒயர்தான்.

அதற்கு முன் சேசிஸ் கதை. பின் ஆக்சிலுக்கு மேல் சேசிஸ் வளைந்து ஏறும் இடத்தில், இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்குத் துரு தின்றிருந்தது. விதித்தாளில் சேசிஸில் வெல்டிங் கூடாது என்று இருந்தது, துருப்பிடித்த இடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஃபேருக்குப் போன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர், துருவை அடைக்கத்தானே, ஒரு தகடு வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை என்றார். பேர் கேட்காமல் வைத்துவிட்டேன். ஆறு அங்குலத் தகடு வைத்து, சுற்றி வெல்டிங் ஓட்டி, தேய்த்து, கறுப்புப் பெயின்ட்டும் அடித்தேன்.

டெர்பி அன்று மதியம் வரிசையில் நின்றோம். முன்னால் பதினான்கு வண்டிகள். எங்கள் முறை வந்ததும் இன்ஸ்பெக்டர் பேட்டரியை ஆட்டிப் பார்த்தார், பம்பர் உயரம் அளந்தார், எல்லாம் சரி. அப்புறம் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். சேசிஸ் நெடுகக் கையை ஓட்டிக்கொண்டே வந்தவர் கை அந்த இடத்தில் நின்றது. சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. ஸ்க்ரூடிரைவர் முனையால் பெயின்ட்டைச் சுரண்டினார், வெல்டிங் வரி வெள்ளையாகத் தெரிந்தது. "வெட்டி எடு, இல்லையென்றால் டிரெய்லரில் ஏற்று."

போனில் சொன்னார்கள் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். என்னிடம் பேர் இல்லை. தாளில் அனுமதி என்று எழுதியிருக்கிறதா என்றார். அதுவும் இல்லை. தாளில் செய்யலாம் என்று இல்லாததைச் செய்யக் கூடாது, இங்கே பெரும்பாலான டெர்பிகளுக்கு இதுதான் கணக்கு. அது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் போனில் கேட்ட ஒரு வார்த்தையை நம்பினேன். போனில் பேசிய அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதுமே! நீங்கள் கேட்டால் மெசேஜில் கேளுங்கள், பதிலை இன்ஸ்பெக்டரிடம் காட்டுகிற மாதிரி வைத்திருங்கள். சேசிஸுக்குப் பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள், எதையோ மறைக்கிறோம் என்றுதான் பார்ப்பார்கள்.

பக்கத்து வண்டிக்காரர், முன்பின் தெரியாதவர், ஜெனரேட்டரையும் கிரைண்டரையும் எடுத்துக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் வெயிலில் வண்டிக்கடியில் படுத்து வெட்டினேன். தகட்டோடு நல்ல இரும்பும் கொஞ்சம் வந்துவிட்டது, ஓட்டை முதலில் இருந்ததைவிடப் பெரிதானது. வரிசையின் கடைசியில் மறுபடி நின்று, டிரைவர்கள் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் ஸ்டிக்கர் வாங்கினோம்.

முதல் ஆட்டம். வண்டிகளை முதுகோடு முதுகு நிறுத்துவார்கள். கொடி விழுந்ததும் ரிவர்ஸில் முழு ஆக்சிலேட்டர். ரேடியேட்டரைக் காப்பாற்ற எப்போதும் பின்புறத்தால்தான் இடிக்க வேண்டும். இடித்தேன், நல்ல இடி, எதிர் வண்டி பக்கவாட்டில் திரும்பியது. எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்புகிறேன், சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால் அவுட். கொடிக்காரர் கையைக் காட்டியதும் ஜன்னலோரம் கட்டியிருந்த மரக்குச்சியை நானே முறித்தேன், ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்று மாச வேலை, ஒரே ஒரு இடி.

மாப்ளே, வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட்டுக்கு வந்ததும், பம்பில் காதை வைத்துக் கேட்டான். சத்தம் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. "மாமா, டிக்கி!" என்றான். அந்தக் காலத்து ஃபோர்டில் விபத்தானால் பெட்ரோல் பம்பை நிறுத்துவதற்கென்று தனி ஸ்விட்ச் உண்டு, கிரவுன் விக்டோரியாவில் அது டிக்கிக்குள் இடது பக்கம் இருக்கிறது. தலையில் பொத்தான் வைத்த சின்னப் பெட்டி, வேகமான அதிர்ச்சி பட்டால் பொத்தான் எகிறிக் கரண்டைத் துண்டித்துவிடும். ரோட்டில் உயிரைக் காக்கும் சாமான். நாங்கள் கரண்ட் எடுத்த ஒயர் அதன் வழியாகத்தான் வருகிறது. டிக்கி நசுங்கிப்போய்த் திறக்கவில்லை. மூடியில் இன்ஸ்பெக்‌ஷனுக்காக வெட்டிய ஓட்டை வழியாக அவன் கையை விட்டான், தகட்டு விளிம்பு முழங்கைக்குக் கீழே கிழித்தது, ரத்தத்தோடு தடவித் தடவி ஸ்விட்சைப் பிடித்தான். பொத்தானை அழுத்தினால் நிற்கவில்லை, பெட்டியே நெளிந்திருந்தது. இரண்டு ஒயரையும் வெட்டி நேராக முறுக்கிக் கட்டினான். பம்பு 'உய்ய்' என்று பாடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் தொண்டை அடைத்துவிட்டது.

நீங்கள் கட்டும்போதே இந்த ஸ்விட்சை விலக்கிவிட்டுப் பம்புக்குத் தனி லைன் இழுங்கள். அதற்குப் பதிலாக டிரைவர் கைக்கும், வெளியே நிற்கும் தீயணைப்பு ஆட்களின் கைக்கும் எட்டுகிற, எல்லாவற்றையும் உடனே அணைக்கும் கில் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். எங்கள் வண்டியில் இருந்தது, அதனால்தான் ஒயரை நேராகக் கட்டியதற்கு இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார்.

தோற்றவர்களுக்கான இரண்டாவது ஆட்டத்தில் ஒன்பது வண்டிகள். எஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆறாவது ஏழாவது இடியிலேயே வண்டியின் வால் இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது, தகட்டை வெட்டிய அதே இடத்தில்தான் சேசிஸ் மடிந்தது. சக்கரத்தில் பாடி உரசிப் புகை வந்தது, விடவில்லை. கடைசி மூன்று வண்டிகளில் ஒன்றாக நின்றேன். அப்புறம் ஒரு ஸ்டேஷன் வேகன் முன்சக்கரத்தில் வந்து அடித்ததில், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் வளைந்து, இரண்டு முன்சக்கரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டன. மூன்றாமிடத்துக்குக் கோப்பை கிடையாது. கிரைண்டர் கொடுத்த மனுஷர் வேலியைத் தாண்டி வந்து கையைக் குலுக்கினார்.

எஞ்சினையும் பின் ஆக்சிலையும் நேற்று இறக்கிவிட்டோம், இரண்டும் அடுத்த வண்டிக்கு ஆகும். பாடியை வெள்ளிக்கிழமை இரும்புக் கடைக்கு ஏற்றுகிறோம், டைட்டிலை முன்சீட்டுப் பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.