சின்னர் கோட்டை விட்டானாம், யார் சொன்னது?

2025 பிரெஞ்ச் ஓபன் டென்னிஸ் ஃபைனல்ல இத்தாலிக்காரன் யானிக் சின்னர், ஸ்பெயின்காரன் கார்லோஸ் அல்கராஸ்கிட்ட தோத்ததப் பத்தி பேச்சு வந்தாலே எல்லாருக்கும் ஒரே டயலாக்தான், கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல, மூணு சாம்பியன்ஷிப் பாயிண்ட்டை (அதுல ஒண்ணு எடுத்தாலே கப்பு) வச்சுக்கிட்டு கோட்டை விட்டுட்டான், பிரஷர் தாங்கல, அவ்ளோதான். நான் சின்னர் ரசிகன், அதனால முட்டுக் கொடுக்கிறேன்னு நினைச்சாலும் பரவால்ல, இந்தப் பேச்சு அல்கராஸுக்குத்தான் பெரிய அவமானம்னு தோணுது. அவன் பாட்டுக்கு சும்மா நின்னுட்டு இருந்தான், கப்பு தானா வந்து மடியில விழுந்துச்சுங்கிற மாதிரி இல்ல இருக்கு?

ஸ்கோரை அல்கராஸ் பக்கத்துல இருந்து ஒரு தடவ பாருங்க. 4-6, 6-7, 6-4, 7-6, 7-6. அஞ்சு மணி நேரம் 29 நிமிஷம், ரோலண்ட் காரோஸ் (பாரிஸ்ல நடக்குற பிரெஞ்ச் ஓபனோட இன்னொரு பேரு) ஃபைனல்லயே இதுக்கு மேல நீளமான ஆட்டம் கிடையாது. மொத்த பாயிண்ட்டைக் கூட்டினா சின்னர் 193, அல்கராஸ் 192. தோத்தவன் ஒரு பாயிண்ட் அதிகமா எடுத்திருக்கான்! டென்னிஸ்ல இந்த அநியாயம் நடக்கும், எத்தன பாயிண்ட் எடுத்தோம்ங்கிறத விட எந்த பாயிண்ட்டை எடுத்தோம்ங்கிறதுதான் கணக்கு, சரி, அதை ஒத்துக்கிறேன்.

இப்ப அந்த நாலாவது செட்டுக்கு வருவோம். சின்னர் 5-3, அல்கராஸ் சர்வ், 0-40, அந்த மூணு சாம்பியன்ஷிப் பாயிண்ட் இதுதான். அங்கதான் எல்லாரும் மேட்ச் முடிஞ்சுதுன்னு எழுந்துட்டாங்க. ஆனா பந்து யார் கைல இருக்கு? அல்கராஸ் கைல. எங்க சர்வ் போடணும், அடுத்த ஷாட்டை எந்தப் பக்கம் அடிக்கணும்னு முடிவு பண்றது அவன். அந்த நிலமைல பயந்து பந்தை உள்ள தள்ளி விடுறவங்கதான் அதிகம், இவன் அப்பவும் அடிச்சு ஆடினான், மூணையும் காப்பாத்திட்டு கேமையும் எடுத்தான். அடுத்து 5-4ல சின்னர் சர்வ், மேட்ச்சை முடிக்க வேண்டிய கேம், அதுல பிரேக் ஆனான், அதாவது தன் சர்வ் கேமையே விட்டான். இங்க வேணா நம்மாள குறை சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஆனா புல் தரைல நாலு நல்ல சர்வ் போட்டா கேம் முடிஞ்சுடும், பாரிஸ்ல அந்த செங்கல் தூள் பந்தோட வேகத்தை முழுங்கிடும், பந்து மேல எழும்பி வரும், எதிராளி ஓடிப் போயி எடுக்க நேரம் கிடைக்கும். ஒவ்வொரு பாயிண்ட்டையும் ராலி ஆடித்தான் ஜெயிக்கணும், அதுவும் எதிர்ல நிக்கிறது உலகத்துலயே வேகமா ஓடுற ரெண்டு கால்.

சரி, சின்னர் பயந்துட்டான்னே வச்சுப்போம். அப்ப அஞ்சாவது செட்டை என்ன சொல்றது? டைபிரேக்ல (6-6 ஆனா செட்டை முடிவு பண்ற கூடுதல் கேம்) நாலாவது செட்டு போயிடுச்சு, நாலு மணி நேரத்துக்கு மேல ஆடியாச்சு, ஊக்கமருந்து விவகாரத்துல வாங்கின மூணு மாசத் தடை முடிஞ்சு வந்து இது ரெண்டாவது டோர்னமெண்ட்தான், அல்கராஸ் 5-4ல மேட்ச்சுக்கு சர்வ் பண்றான். மனசு உடைஞ்சவனா இருந்தா அங்கயே கை கொடுத்துட்டுப் போயிருப்பான். இவன் அங்க பிரேக் பண்ணினான்! 6-5ன்னு மேலயும் போனான். இத யாருமே பேச மாட்டேங்கிறாங்க, மீம் போடுறவனுக்கு 0-40 மட்டும் போதும்.

அப்புறம் அந்த பத்து பாயிண்ட் டைபிரேக். முன்னாடி பாரிஸ்ல கடைசி செட்டுக்கு டைபிரேக்கே கிடையாது, ரெண்டு கேம் வித்தியாசம் வர்ற வரைக்கும் இழுத்துக்கிட்டே போகும், 2022ல இருந்துதான் நாலு கிராண்ட் ஸ்லாம்லயும் 6-6ல பத்து பாயிண்ட்டுன்னு ஒரே மாதிரி ஆக்கினாங்க. (எனக்கு இந்த ரூல் பிடிக்கும், 2010 விம்பிள்டன்ல ஒரு மேட்ச்ல நடந்த மாதிரி கடைசி செட்டு 70-68ன்னு மூணு நாள் ஆடுறதெல்லாம் கதை சொல்லத்தான் நல்லா இருக்கும்.) அதுல அல்கராஸ் 7-0 போனான். 10-2. கடைசி பாயிண்ட்டு ஓடிக்கிட்டே ஃபோர்ஹேண்ட்ல லைனோரமா ஒரு பாஸிங் ஷாட். அஞ்சரை மணி நேரம் ஆடின காலுய்யா அது! அதுக்கு முன்னாடி அவன் வாழ்க்கைல ரெண்டு செட் பின்னாடி இருந்து ஒரு மேட்ச்கூட ஜெயிச்சதில்ல. இத்தனைக்கும் அப்புறம் "சின்னர் தோத்தான்"னு தலைப்பு போட எப்படி மனசு வருது.

இதே வியாதி முந்தின நாள் பொண்ணுங்க ஃபைனல்லயும் இருந்துச்சு. அதுல தோத்த அரினா சபலென்கா 70 தப்பு பண்ணினா, உண்மைதான், காத்து வேற கன்னாபின்னான்னு அடிச்சுது. மேட்ச் முடிஞ்சதும் நான் தப்பு பண்ணினதாலதான் கோகோ காஃப் ஜெயிச்சான்னு அர்த்தம் வர்ற மாதிரி அவளே பேசினா, பின்னாடி வருத்தமும் தெரிவிச்சா. ஆனா அதே காத்துதானே காஃபுக்கும்? முதல் செட்டை டைபிரேக்ல விட்டுட்டு, போற பந்தையெல்லாம் துரத்தித் துரத்தி திருப்பிப் போட்டுக்கிட்டே இருந்தா எதிராளிக்கு தப்பு தானா வரும், வர வைக்கிறதுதான் அவ ஆட்டமே. அதுக்குப் பேரு அதிர்ஷ்டமா?

இதுல இன்னொரு கடுப்பு, அந்த வருஷம் பாரிஸ்ல நைட் செஷன்ல (ராத்திரி ஒரே ஒரு மேட்ச் ஆடுற நேரம்) ஒரு பொண்ணுங்க மேட்ச்கூட போடல. ஒண்ணுகூட. பொண்ணுங்களுக்கு அதிகபட்சம் மூணு செட், ஆம்பளைங்களுக்கு அஞ்சு, அதனால மேட்ச் சீக்கிரம் முடிஞ்சிடும்னு சாக்கு. அப்ப மூணு செட்ல முடியற ஆம்பளைங்க மேட்ச்சை மட்டும் எதுக்கு போடுறீங்க?

சின்னர் கதைக்கு வர்றேன். பாரிஸ்ல தோத்து அஞ்சே வாரம், விம்பிள்டன் ஃபைனல், எதிர்ல அதே அல்கராஸ். முதல் செட்டை விட்டுட்டு அடுத்த மூணையும் 6-4, 6-4, 6-4ன்னு எடுத்தான். நாலாவது செட்ல 4-3ல அவன் சர்வ்லயே 15-40ன்னு மாட்டினப்ப என் நெஞ்சு வாய்க்கு வந்துடுச்சு, அவன் முகத்துல ஒரு சலனமும் இல்ல, ரெண்டு பிரேக் பாயிண்ட்டையும் காப்பாத்திட்டு மேட்ச்சையும் முடிச்சான். விம்பிள்டன் சிங்கிள்ஸ்ல ஜெயிச்ச முதல் இத்தாலிக்காரன். நாலாவது ரவுண்டுல எதிராளி டிமிட்ரோவ் ரெண்டு செட் முன்னாடி இருந்தப்ப காயம் பட்டு விலகினான், அந்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே சொல்லிடுறேன்.

நம்மாள திட்டணும்னா திட்டறதுக்கு வேற மேட்ச் இருக்கு, அதே வருஷம் நியூயார்க்ல யூஎஸ் ஓபன் ஃபைனல், அல்கராஸ் 6-2, 3-6, 6-1, 6-4ன்னு ஜெயிச்சான். சின்னருக்கு ஃபர்ஸ்ட் சர்வ் சரியா விழல, ஒரே மாதிரி பேஸ்லைன்ல நின்னு அடிச்சுக்கிட்டே இருந்தான், அல்கராஸ் ட்ராப் ஷாட், நெட், ஸ்லைஸ்னு கலந்து கட்டி அடிச்சான். எதிராளி முன்கூட்டியே ஊகிக்கிற மாதிரி ஆடிட்டேன்னு சின்னரே ஒத்துக்கிட்டான். அந்தத் தோல்விதான் எனக்கு இன்னிக்கும் உறுத்துது, பாரிஸ் இல்ல. பாரிஸ் மேட்ச்சை ரீப்ளே போட்டா முழுசா உக்காந்து பார்ப்பேன், நியூயார்க் ஹைலைட்ஸ் வந்தா தள்ளி விட்டுட்டுப் போயிடுவேன்.