முதலைச் சட்டைக்காரர்

பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் வென்ற 7 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? சட்டை மார்பில் வாய் பிளந்திருக்கும் அந்தக் குட்டி முதலையைத் தெரியாதவர்கள்தான் குறைவு.

அவர் காலத்தில் விறைப்பான முழுக்கைச் சட்டையோடு, கையை மடித்துவிட்டுக்கொண்டு டென்னிஸ் ஆடினார்கள். இவருக்கு அது சரிப்படவில்லை. காற்றுப் புகும் பருத்திப் பின்னல் துணி, அரைக்கை, வெயில் சுட்டால் பிடரியை மறைக்கத் தூக்கிவிட மெத்தென்ற காலர், குனிந்து நிமிர்ந்தாலும் இடுப்பைவிட்டு நழுவாத நீளமான பின்பக்கம். அழகுக்கென்று எதையும் ஒட்டவைக்கவில்லை. அழகு தானாக வந்துவிட்டது. தானே வடிவமைத்த இந்தச் சட்டையை 1926-இல் அமெரிக்கப் போட்டியில் அணிந்து ஆடினார். 1933-இல் கூட்டாளியுடன் சேர்ந்து விற்கவே தொடங்கினார். 'முதலை' என்பது அவருடைய பட்டப்பெயர். அதையே முத்திரையாக்கிக் காசு பார்த்த கெட்டிக்காரர்! 1960களில் உலோக டென்னிஸ் மட்டையையும் உருவாக்கினார்.

இப்படிச் சாதனையைவிடக் கண்டுபிடிப்பால் நிலைத்தவர்கள் வேறு துறைகளிலும் உண்டு. சமையலில் பிரெஞ்சு சமையல் வல்லுநர் எஸ்கோஃபியே. சாஸுக்கு ஒருவர், இறைச்சிக்கு ஒருவர் என்று பெரிய ஓட்டல் சமையலறைகளில் இன்றும் வேலை பிரிப்பது அவர் ஒழுங்குபடுத்திய முறைதான். சாப்பிடுகிறவருக்கு அவர் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

உயரம் தாண்டுதல் வீரர் டிக் ஃபாஸ்பரியைச் சொல்லாமல் விட மனமில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கம்பிக்கு முதுகைக் காட்டித் தாவி, 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அந்த உயரம் எப்போதோ முறியடிக்கப்பட்டுவிட்டது. முறியடித்தவர்கள் தாண்டியதும் பெரும்பாலும் அவர் பாணியில்தான். இத்தனைக்கும், கல்லூரிப் பயிற்சியாளர் முதலில் அவரைப் பழைய முறைக்கே திருப்பப் பார்த்தார்.