நாண் பூட்டாத வில்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு லாங்போ எனும் நெட்டை வில் வாங்க இரண்டு வழிதான். கோலாலம்பூர் பக்கமிருந்து புதுசைத் தருவித்துக்கொள்ளலாம். அல்லது முகநூலிலோ முடா விற்பனைத் தளத்திலோ யாராவது விற்பனைக்குப் போட்டிருக்கும் பழசை, பெட்ரோல் நிலையத்தில் நின்று பார்த்து வாங்கலாம். எப்படி வாங்கினாலும் முதல் கேள்வி "எத்தனை பவுண்டு?" என்பதாகத்தான் இருக்கிறது, அதாவது இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று. பலர் 50க்குக் கீழே பேசவே மாட்டார்கள். வில்லுக்கு விஜயன் என்று கேட்டே வளர்ந்த கோளாறு.

கைப்பிடிக்குப் பக்கத்தில் 40# @ 28" என்று மையால் எழுதியிருக்கும். 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு என்று பொருள். நீங்கள் 28 அங்குலம் இழுப்பீர்களா என்று முதலில் பாருங்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்று, கைகளை இருபுறமும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அளந்து 2.5ஆல் வகுக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் வந்தால் 66, அதாவது 26 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டரைப் பவுண்டு ஏறி இறங்கும். அந்த 40 பவுண்டு வில் உங்கள் கையில் 35தான். 30 அங்குலம் இழுக்கும் நெட்டையருக்கு அதே வில் 45.

புதிதாகப் பழகுகிறவருக்கு, தன் இழுப்பளவில் 25 முதல் 35 பவுண்டு போதும். முழுக்க இழுத்துக் கன்னத்தில் விரல் பதித்து மூன்று விநாடி நடுங்காமல் நிற்க முடியவில்லை என்றால் அந்த வில் உங்களுக்குக் கனம். கனமான வில்லை வைத்துப் பழகினால் இழுப்பு தானாகவே குறுகும், விடும்போது விரல் வெடுக்கென்று பிடுங்கும், ஆறு மாதத்தில் தோள் பேசும். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலின் விற்கள் 100 பவுண்டுக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவற்றை இழுத்தவர்கள் சிறுவயது முதல் அதே வேலையாக இருந்தவர்கள்.

நீளமும் இழுப்பளவைப் பொறுத்ததுதான். 26 அங்குல இழுப்புக்கு 64 முதல் 66 அங்குல வில், 28க்கு 66 முதல் 68, அதற்கு மேல் போனால் 68 முதல் 70. குட்டையான வில்லை நீளமாக இழுத்தால் கடைசி இரண்டு அங்குலத்தில் பாரம் திடீரென்று ஏறும், நாண் விரல்களை நெருக்கிக் கிள்ளும்.

இனி வகை. இங்கிலாந்துப் பாணி வில் முழுக்க மரம். குறுக்குவெட்டில் ஆங்கில 'டி' எழுத்துப்போல் இருக்கும், அம்பு தங்குவதற்குத் திட்டு கிடையாது, கைமுட்டியின் மேலேயே அம்பு ஓடும். அமெரிக்கப் பாணியில் வில்லின் கைகள் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகள்) தட்டை, நடுவில் மேப்பிளோ மூங்கிலோ, இரு பக்கமும் ஃபைபர்கிளாஸ் ஒட்டியிருக்கும், அம்புக்குச் சின்னத் திட்டும் உண்டு. மர வில்லின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் நம் காற்றில் மரம் 15, 16 விழுக்காடு வரை ஈரம் குடித்துவிடும். வில்லுக்கு அதில் பாதி ஈரம்தான் ஏற்றது. ஈரம் ஏறிய மரம் வளைந்தால் நிமிராது. பால் வாளி சுமந்து சுமந்து நடுவில் தொய்ந்துபோன பழைய காண்டாக் கம்பைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. அதனால் முதல் வில்லுக்கு என் ஓட்டு ஃபைபர்கிளாஸ் லாங்போவுக்குத்தான், அதுவும் பழசாகவே. ஓராண்டில் எப்படியும் ஐந்து பவுண்டு ஏற்றிக்கொள்ள மனம் வரும். மர வில்தான் வேண்டும் என்றால் புதுசாகச் செய்யச் சொல்லுங்கள், உங்கள் இழுப்பளவைச் சொல்லி. 26க்குச் செய்த மர வில்லை 28 இழுத்தால் ஒருநாள் கையிலேயே முறியும்.

பழசைப் பார்க்கப் போகும்போது நான்கு பொருள் கையில் இருக்கட்டும்: அளவு நாடா, கொஞ்சம் பஞ்சு, கைபேசி விளக்கு, மீன் நிறுக்கும் கொக்கித் தராசு. நாண் பூட்ட உதவும் கயிறும் ஒன்று. விற்பவரிடம் அது இல்லை, காலுக்கிடையில் விட்டு வளைத்துத்தான் பூட்டுவார் என்றால், அந்த வில்லின் கைகள் முறுக்கேறியிருக்க வாய்ப்பு அதிகம்.

நாண் இல்லாமலேயே முதல் சோதனை. வில்லின் முதுகு என்பது இலக்கைப் பார்க்கும் பக்கம், வயிறு நம்மைப் பார்க்கும் பக்கம். இரண்டிலும் பஞ்சை மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே சிலும்பு எழுந்திருக்கிறது. ஃபைபர்கிளாஸில் நீளவாக்கில் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடு பெரும்பாலும் வெறும் கோடுதான். குறுக்கே ஓடும் கோடு வேறு. நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிறதா? வில்லைக் கீழே வைத்துவிடலாம். மர வில்லில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது வயிற்றுப் பக்கம். மரம் நசுங்கியதால் விழும் முடிபோன்ற குறுக்குச் சுருக்கங்கள், பாலிஷுக்கு அடியில், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரியும். அதற்கு மருந்து கிடையாது. மூங்கில் சேர்த்த மர வில் என்றால் குண்டூசி முனை அளவு ஓட்டைகளும் மாவுபோன்ற தூளும் இருக்கின்றனவா என்று பாருங்கள், உள்ளே உளுத்திருக்கும்.

அடுத்தது பசைக்கோடு. வில்லைப் பக்கவாட்டில் திருப்பி, ஒட்டிய அடுக்குகளை முனையிலிருந்து முனைவரை விளக்கடித்துப் பாருங்கள். கோடு சீராக, தலைமுடி கனத்தில் இருக்க வேண்டும். எங்காவது மங்கலாக வெளுத்திருந்தாலும், ஒரு தாளின் விளிம்பு உள்ளே நுழைந்தாலும் அடுக்கு விட்டுக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் இதற்குப் பெரிய காரணம் காடியின் (காரின்) பின்பெட்டி. மதிய வெயிலில் பூட்டி நிற்கும் காடிக்குள் பசை இளகிவிடும். "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "எப்போதும் காடியிலேயே கிடக்கும்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு.

நாண் நுழையும் முனை வெட்டுகளையும் விடாதீர்கள். பழைய விற்களின் முனை கெட்டிப்படுத்தப்படாதது. அதில் ஃபாஸ்ட் ஃப்ளைட் போன்ற நீளாத நாணைப் போட்டால் முனை அறுபடும். சந்தேகமென்றால் சற்று நீளும் டாக்ரான் நாண் மட்டுமே. நாண் பழசாக, பிசிறாக இருந்தால் அதற்காக வில்லை ஒதுக்க வேண்டியதில்லை, வில்லின் நீளத்தைவிட 3 அங்குலம் குட்டையாக வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது நாண் பூட்டச் சொல்லுங்கள். "நாண் அறுந்துபோச்சு, வில் நல்லா இருக்கு" என்கிறவரிடம் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பூட்டியபின் முனையைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். நாண் இரு கைகளையும் நடுவாகப் பிளந்து ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் முறுக்கு. லாங்போவின் கை குறுகலும் தடிப்புமாக இருப்பதால் சுலபத்தில் முறுக்காது, முறுக்கினால் சுலபத்தில் திரும்பாது. கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண்வரை ஆறரை முதல் ஏழரை அங்குலம் இருக்கட்டும். குறைந்தால் நாண் மணிக்கட்டில் அறையும், நாணை இன்னும் சில சுற்று முறுக்கிச் சரிசெய்யலாம்.

பிறகு கைப்பிடி முடிந்து கை தொடங்கும் இடத்தில், மேலும் கீழும், நாணுக்கும் வில்லுக்குமான இடைவெளியை அளக்க வேண்டும். மேலே 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது இயல்பு, சமமாக இருந்தாலும் குற்றமில்லை. கீழே கூடுதலா? வில்லை நிராகரிக்குமுன் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள், நடக்கிறதுதான். அம்புத் திட்டு கைப்பிடிக்கு மேலே வர வேண்டும். வலக்கையால் இழுப்பவருக்கு அந்தத் திட்டு இடப்பக்கம் இருக்கும். விலை மலிவு என்று இடக்கை வில்லை வாங்கி, "பழகிக்கலாம்" என்று நினைக்க வேண்டாம்.

தராசுக் கொக்கியை நாணில் மாட்டி, ஓர் அம்பில் உங்கள் இழுப்பளவைக் குறித்துக்கொண்டு அதுவரை இழுங்கள். 18 கிலோ என்றால் 40 பவுண்டு. எழுதியிருப்பதை உங்கள் இழுப்பளவுக்குக் கணக்குப் போட்டு வருவதைவிட இரண்டு மூன்று பவுண்டு விலகுவது சகஜம். ஏழெட்டுக் குறைந்தால் வில் களைத்துவிட்டது. இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் மெதுவாகத் திரும்ப விடுங்கள், எய்ய வேண்டாம். அம்பில்லாமல் நாணை விடவே கூடாது, கூட வந்த பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அம்பின் மேல் போக வேண்டிய அடி முழுவதும் வில்லுக்கே திரும்பும்.

விலை பேசுமுன் அம்புக்கும் கணக்குப் போடுங்கள். ஒரு பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெய்ன் எடை வேண்டும். 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெய்ன், அதாவது 26 கிராம் நல்ல அளவு. அதைவிட லேசான அம்பு வேகமாகப் போகும், கையும் அதிரும், வில்லும் சீக்கிரம் போகும். லாங்போவில் அம்பு வில்லைச் சுற்றி வளைந்து போவதால், உங்கள் பவுண்டுக்கு உரியதைவிட ஒரு படி எளிதாக வளையும் தண்டு வேண்டும், அதுவும் சிறகு கட்டியது. பிளாஸ்டிக் வால் திட்டில் இடித்துக்கொண்டு கோணலாகப் போகும்.

மர வில்லாக இருந்தால் இன்னும் ஒரு வேலை. நாண் பூட்டுமுன் வில்லை நேரான கதவு நிலையோடு ஒட்டிவைத்து நடுவில் எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குல வளைவு மர வில்லுக்கு உள்ளதுதான். இருபது அம்பு எய்துவிட்டு, நாணைக் கழற்றிய கையோடு அதே கதவு நிலையோடு திரும்ப வையுங்கள். கால் அங்குலம் கூடியிருந்தால் அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள், திரும்பி வரும். அரை அங்குலம் கூடி அப்படியே நின்றுவிட்டால், வில்லை உரியவரிடமே கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.