கிளிநொச்சியில் இருந்துகொண்டு ஒரு பேஸ் கிற்றார் வாங்கியது

கிளிநொச்சியில் இருந்துகொண்டு, நான்கு தடித்த தந்திகளில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார் வாங்க நினைப்பவருக்கு, எந்த வகையை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னரே எங்கே வாங்குவது என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஆறு தந்திக் கிற்றார் இங்கும் வவுனியாவிலும் தேடினால் கிடைத்துவிடும். நான்கைந்து பேஸ் கிற்றார்களை வரிசையாகத் தொங்கவிட்டு, கையில் எடுத்து வாசித்துப் பார்க்க விடுகிற கடை, நான் விசாரித்த அளவில், வன்னிக்குள் இல்லை. ஆகவே பணம் சேர்க்கும்போதே இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்து யோசிக்கத் தொடங்கினேன்.

நான் வாசிப்பது ஞாயிறுகளில் தேவாலயப் பாடகர் குழுவுக்கும், திருவிழாக் காலத்தில் இசைக்குழு ஒன்றுக்கும். திருவிழா மேடையில் மின்சாரம் பெரும்பாலும் ஜெனரேற்றரில் இருந்துதான் வரும். புவித்தொடுப்பு ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப், ஒற்றைச் சுருள் வகையாக மட்டும் உள்ள வாத்தியம் அந்த இடத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இரைந்துகொண்டே இருக்கும். ஃபெண்டர் நிறுவனம் 1951 இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸுக்கு 1957 இல் வந்த, இரண்டாகப் பிரிந்த பிக்கப்பில், ஒரு பாதி வாங்கும் இரைச்சலை மறுபாதி அடித்துவிடுகிறது. 1960 இல் வந்த ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளும் சம அளவில் திறந்திருந்தால் அதே பலன் கிடைக்கும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் திரும்பிவிடும். இதனால் பிரிந்த பிக்கப் கட்டாயம் என்று முடிவெடுத்தேன். மின்கலம் போடும் ஆக்டிவ் வகையும் வேண்டாம் என்று வைத்தேன். அதில் வயரைச் செருகியபடி விட்டுவிட்டால் ஒன்பது வோல்ட் மின்கலம் சும்மாவே தீர்ந்துகொண்டிருக்கும். அது தீர்ந்தால் பெரும்பாலான மாதிரிகளில் சத்தம் அடியோடு நின்றுவிடும். திருவிழா இரவில் பத்து மணிக்கு மேல் மின்கலம் தேடிக் கடைத்தெருவுக்கு ஓட எனக்கு விருப்பமில்லை.

இந்த நிபந்தனைகளோடு தேடியபோது யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 பொருந்தி வந்தது. பிரிந்த பிக்கப் ஒன்று, தந்திகள் உடலில் பூட்டப்படும் பிரிட்ஜ் பக்கம் ஒற்றைச் சுருள் ஒன்று, மின்கலம் இல்லை, வழக்கமான 34 அங்குலத் தந்தி நீளம். சிறிய கைக்கு 30 அங்குலம் வசதி என்று சொல்வார்கள். ஆனால் எல்லாவற்றிலும் தடித்த கீழ் ஈ தந்தி இறுக்கமாக நிற்பது எனக்கு முக்கியமாக இருந்தது.

எங்கே வாங்குவது என்பதில் நான்கு வழிகள் இருந்தன. இணையத்தில் பணம் கட்டி கூரியரில் எடுப்பதை முதலிலேயே தள்ளிவிட்டேன். தந்திகள் ஓடும் கழுத்துப் பகுதியான நெக் வளைந்து வந்தால் திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் நம் தலையில்தான். பழையது ஒன்றை வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் 2022 நெருக்கடிக்கு முன்னர் 200 ரூபாயாக இருந்த டொலர் 300 ஐ ஒட்டி நிற்கும் காலத்தில், பழைய பொருளுக்கும் விற்பவர்கள் புதிய விலையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே என் தெரிவுக்குக் கிட்டிய பேஸ் ஒன்றே ஒன்று, தந்திகள் துருப்பிடித்த நிலையில் சுவரில் இருந்தது. "தம்பி, இது ஒண்டுதான் இருக்கு. வேற வேணுமெண்டால் முற்பணம் கட்டுங்கோ, கொழும்பிலயிருந்து எடுப்பிச்சுத் தாறன்" என்றார் கடைக்காரர். "பாத்துத் தெரிவு செய்யலாமோ அண்ணை?" என்று கேட்டதற்கு, வருவதைத்தான் எடுக்க வேண்டும் என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் ஒரே மாதிரியில் இரண்டு வாத்தியங்கள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. விலை குறைந்த வரிசையில் அந்த வேறுபாடு இன்னும் அதிகம். கொழும்புக்குப் போய்வரும் செலவைச் சேர்த்தாலும், இரண்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக்கு அது தகும் என்று கணக்குப் போட்டேன்.

கொழும்புக் கடையில் அதே மாதிரியில் கறுப்பும் சிவப்பும் இருந்தன. ஒலிபெருக்கியில் செருகாமல்தான் முதலில் பார்த்தேன். ஈ தந்தியை முதலாம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில் முதலாவதில்) ஒரு கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஏழாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இருந்தால் போதும். கறுப்பில் அப்படி இருந்தது. சிவப்பில் தந்தி ஃபிரெட்டிலேயே படுத்திருந்தது. அது நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ரொட்டைத் தளர்த்தினால் சரியாகக்கூடிய விடயம் என்பதால் அதை வைத்து மட்டும் ஒதுக்கவில்லை. பிறகு எல்லாவற்றிலும் மெல்லிய ஜீ தந்தியை ஐந்தாம் ஃபிரெட்டில் இருந்து ஏழாம் ஃபிரெட் வரை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டேன். இந்த வகை பேஸ்களில் அந்தப் பகுதியில் ஏதாவது ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று செத்துப்போவது வழக்கம். அது மரத்தின் அதிர்வோடு சேர்ந்த குணம். எந்த ஆணியைத் திருகினாலும் போகாது. சிவப்பில் ஆறாம் ஃபிரெட் தெளிவாகவே செத்திருந்தது, கறுப்பில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. நிறத்தில் எனக்குச் சிவப்பின் மேல்தான் ஆசை. கறுப்பை வாங்கினேன். மேலதிகமாக 45 முதல் 105 வரையான தடிப்புள்ள தந்திக் கட்டு இரண்டும் எடுத்துக்கொண்டேன், ஏனெனில் அது கிளிநொச்சியில் அவசரத்துக்குக் கிடைக்கும் பொருள் அல்ல.

திரும்பி வர இரவு பஸ்ஸை விட ரயில் நல்லது. பஸ்ஸின் அடிப்பெட்டியில் வாத்தியம் எந்த மூட்டைக்குக் கீழே போகும் என்று தெரியாது. யாழ்தேவியில் மேல்தட்டில் வைத்துக் கண்ணெதிரே கொண்டுவரலாம். தந்திகளை முழுவதும் தளர்த்தச் சொன்னார்கள். நான் அரைச்சுருதி மட்டும் இறக்கினேன், ஏனென்றால் நெக் தந்தியின் இழுப்புக்கும் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் எதிரிழுப்புக்கும் நடுவில் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

குளிரூட்டிய கடையிலிருந்து தகரக் கூரைக்குக் கீழே வந்த வாத்தியம் சில நாட்களில் முன்பக்கம் வளைந்து, தந்திகள் உயர்ந்துவிட்டன. ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையிலான வெளியை அளக்க, மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்தில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜை இரவல் வாங்கினேன், 0.3 மில்லிமீற்றர் தகடு இதற்குப் போதும். அலன் கீயால் ட்ரஸ் ரொட்டை வலப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் இறுக்கி, ஓர் இரவு விட்டு, மறுநாள் மீண்டும் சுருதி சேர்த்து அளந்தேன். அதற்குமேல் தொடவில்லை. பிறகு பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியின் உயரத்தையும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஈ தந்திக்கு இரண்டரை, ஜீ தந்திக்கு இரண்டு மில்லிமீற்றர் அளவுக்குக் கொண்டுவந்தேன். அண்மையில் இதைச் செய்து தரும் ஆள் இல்லாத இடத்தில், இந்த இரண்டு வேலைகளையும் கற்றுக்கொள்ளாமல் பேஸ் வாங்குவது அரை வேலைதான்.

இப்போது தேவாலயத்தின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரில் வாசிக்கிறேன். கீழ் ஈயின் 41 ஹேர்ட்ஸை அது முழுமையாகத் தராவிட்டாலும் பாட்டைத் தாங்குகிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஏ தந்தியின் சுருதி இன்னும் சற்று உயர்ந்து நிற்பதால், பிரிட்ஜில் அதைத் தாங்கும் சாடிலைப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கி மரம் ஈரம் குடித்ததும் நெக்கை மறுபடி அளக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த வேலையை அதனோடு சேர்த்தே செய்ய விட்டு வைத்திருக்கிறேன்.