ஈரக்கொலயே நடுங்கிருச்சு

போன மாசம் ஊர்ல இருந்தப்போ தங்கச்சி பையன், மூணு வயசு, கொல்லைல கிணத்துச் சுவர் மேல வயித்த வச்சு உள்ள எட்டிப் பாத்துட்டு இருந்திருக்கான், காலு ரெண்டும் தரையில இல்ல. அம்மா பாத்துட்டாங்க, ஆனா கத்தல, கத்துனா பதறி உள்ள விழுந்துருவான்னு பூனை மாதிரி போயி டவுசரப் புடிச்சு இழுத்துட்டாங்க. அப்புறம் துவைக்கிற கல்லுல உக்காந்து வலது பக்கம் விலாவுக்குக் கீழ கைய வச்சு அமுக்கிக்கிட்டே "ஈரக்கொலயே நடுங்கிருச்சுடி"ன்னாங்க.

அந்தக் கை போன எடம்தான் ஈரல் இருக்குற எடம்.

நெறைய பேரு இத 'கொலை நடுங்குது'ன்னு டைப் பண்றாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. குடைய கொடைன்னும் குழந்தைய கொழந்தைன்னும் சொல்றோம்ல, அதே மாதிரிதான் குலை பேச்சுல கொலயாச்சு. முன்னாடி இருக்குறதும் ஈரம் இல்ல, ஈரல். ஈரற்குலைதான் வாய்ல ஈரக்குலை. குலைன்னா கொத்து, நெல்லை நாகர்கோவில் பக்கம் வாழைத்தாரையே வாழக்கொலன்னுதான் சொல்வாங்க. கறிக்கடைல ஆட்டை உரிச்சு மூச்சுக்குழாயோட சேத்து எடுத்தா நுரையீரல் இதயம் ஈரல் எல்லாம் ஒரே கொத்தா தொங்கும் பாருங்க, அதான் குலை. அந்தக் கொத்து மொத்தமா ஆடுற பயத்துக்குத்தான் இந்த வார்த்தை.

பரீட்சை ரிசல்ட்டுக்கு இத சொல்ல முடியாது. அதுக்கு வயித்துல புளியக் கரைக்கிறது இருக்கு, அது வரப்போறத நெனச்சு காத்துக்கிட்டு இருக்குற பயம். போன் திடீர்னு அடிச்சா பக்குன்னு இருக்கும், அவ்ளோதான். கை கால் வெலவெலன்னு ஆனாக்கூட அது வெளிய தெரியுற நடுக்கம். குலை நடுங்குறது உள்ளுக்குள்ள, கண்ணு முன்னாடி நடக்குறப்ப ஒரே நொடியில வர்றது. இப்ப என்னடான்னா ரோட்டுல பைக் வழுக்குற வீடியோவுக்கெல்லாம் 'குலைநடுங்க வைக்கும் காட்சி'ன்னு தலைப்பு வக்கிறாங்க, அப்படிப் போட்டுப் போட்டே வார்த்தையோட கனத்தக் கொறைச்சிடுறாங்க.

தொல்காப்பியத்துல அச்சம் வர்றதுக்குக் காரணம் நாலு சொல்லிருக்கு, அணங்கு (அதாவது வருத்துற தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன் மாதிரி மேல இருக்குறவங்க). நாலுமே தனக்கு என்ன ஆகுமோங்குற பயமாத்தான் எனக்குப் படுது. அம்மாவுக்கு வந்தது அந்தப் புள்ளைக்காக வந்த பயம், அத இந்த நாலுல எதுலயும் என்னால சேக்க முடியல.

மறுநாளே வெல்டிங் பண்றவர வரச் சொல்லி கிணத்துக்குக் கம்பி மூடி போட்டாச்சு. ஆனாலும் அம்மா அந்தப் பக்கம் போறப்பல்லாம் கை தானா விலாவுக்குப் போகுது.