என் பெயரில் வந்த மொழிபெயர்ப்பு: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

காலையில் கணினியைத் திறந்ததும், நான் கேள்விப்பட்டே இராத ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. "நீங்கள் ஒப்படைத்த வேலை எந்த வகையிலும் ஏற்கத்தக்கதாக இல்லை. உங்கள் பில்லை நிறுத்தி வைத்திருக்கிறோம். இனி உங்களுக்கு வேலை அனுப்ப இயலாது." கீழே என் முழுப்பெயர், தலைப்பெழுத்து உட்படச் சரியாக இருந்தது.

அந்த நிறுவனத்துக்கு நான் ஒரு வரிகூட மொழிபெயர்த்ததில்லை. தங்களிடமிருந்த முகவரிக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வராததால், என் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்து இந்த முகவரிக்கு எழுதியிருக்கிறார்கள். "தங்களிடமிருந்த முகவரி" என்ற சொற்களைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பெயரில் வந்த பயோடேட்டாவை அனுப்பும்படி கேட்டு எழுதினேன். அதன்பின் வேறு வேலை ஓடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பயோடேட்டா வந்துவிட்டது. அது என்னுடையதுதான். படிப்பு, பதினான்கு ஆண்டு அனுபவம், மருத்துவ ஆவணங்களில் செய்த பணிகள் எல்லாம் வரிக்கு வரி அப்படியே இருக்கின்றன. மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் வேறு. என் பெயரோடு இரண்டு எண்களைச் சேர்த்து ஓர் இலவச மின்னஞ்சல் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அந்த இரண்டு வரிகளின் எழுத்துரு மற்றவற்றைவிட ஒரு மயிரிழை தடிமனாகத் தெரிகிறது.

இரண்டாம் பக்கத்தில், ஒரு மருத்துவமனைப் பணியின் காலத்தை "2011–2010" என்று நான் முன்பின்னாக மாற்றி எழுதியிருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்துத் திருத்திவிட்ட பிழை அது. இந்தக் கோப்பில் அது அப்படியே இருக்கிறது. ஆக, திருடப்பட்டது பழைய பிரதி. பழைய கடிதங்களைத் தோண்டினேன். அந்தப் பிழையோடு நான் பயோடேட்டா அனுப்பியது மூன்றே இடங்களுக்கு. அவற்றில் ஒன்று, "பெரிய திட்டம், உடனடித் தேவை, பயோடேட்டாவும் சொல்லுக்கான கூலியும் அனுப்புக" என்று வந்த விளம்பரம். அனுப்பிய பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். அந்த விளம்பரமே அறுவடைக்காக விரித்த வலை என்று இப்போது படுகிறது.

கோப்பின் பண்புகளில் உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் முன்பின் அறியாத ஒரு பெயர். அதுவும் யாரிடமிருந்து திருடியதோ.

அந்த ஆள் கேட்டிருக்கும் கூலி, நான் வாங்குவதில் பாதிகூட இல்லை.

மார்ச் 5, புதன்

அந்த நிறுவனத்தின் திட்ட மேலாளரோடு காணொளியில் பேசினேன். முதலில் என் அடையாள அட்டையைக் கேமரா முன் காட்டச் சொன்னார். தயங்காமல் காட்டினேன். இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்று அவரே வருந்தினார். பிறகு என் பெயரில் வந்த மொழிபெயர்ப்பைத் திரையில் திறந்தார்.

அது ஒரு புதிய மருந்தின் ஆய்வில் சேரும் நோயாளி படித்துக் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம். "நீங்கள் விசாரணையின் இரண்டாவது கையில் வைக்கப்படலாம்" என்று ஒரு வரி. ஆய்வில் ஒரு குழுவுக்கு ஒரு மருந்தும் இன்னொரு குழுவுக்கு வேறு மருந்தும் தருவார்கள். அந்தப் பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குக் கை என்றும் பொருள் உண்டு. மருந்து ஆய்வைக் குறிக்கும் சொல்லுக்கு நீதிமன்ற விசாரணை என்றும் பொருள் உண்டு. இயந்திரம் இரண்டிலும் தவறானதை எடுத்திருக்கிறது. அடுத்த பக்கத்தில் "இது இரட்டைக் குருட்டு விசாரணை". யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

இன்னொரு வரிதான் என்னை உலுக்கிவிட்டது. "நீங்கள் எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம்." எதைத் திரும்பப் பெறலாம்? மருந்தையா, பணத்தையா? அங்கே இருந்திருக்க வேண்டிய வாக்கியம்: "எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல், இந்த ஆய்விலிருந்து நீங்கள் விலகிக்கொள்ளலாம்." 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சின்கி அறிக்கை நோயாளிக்கு உறுதிசெய்யும் உரிமை அது. அந்த உரிமை இந்தப் படிவத்தில் இல்லாமலே போய்விட்டது. அதன் கீழே மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் என் பெயர்.

படிவம் நோயாளிகளிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். இத்தகைய ஆவணங்களில் தமிழ்ப் பிரதியை, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பார். அந்தப் பின்மொழிபெயர்ப்பில்தான் குட்டு உடைந்திருக்கிறது. அதைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததால்தான் இன்று நான் சற்றேனும் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

இரவு முழுக்க ஒரே கேள்வி. இது எப்படி அவ்வளவு தூரம் போயிற்று? மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை 2015இல் வந்தது. மொழிபெயர்த்தவர் தவிர இரண்டாவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று அது கட்டாயமாகச் சொல்கிறது. அந்த நிறுவனத்திலும் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். மேலாளரிடம் மீண்டும் பேசியபோது, அந்தச் சரிபார்ப்பாளர் சேர்ந்ததும், என் பெயரில் வந்த ஆள் சேர்ந்த அதே வாரத்தில்தான் என்றார். சரிபார்ப்பாளர் கொடுத்த முகவரியும் இலவசக் கணக்கு. பெயரோடு இரண்டு எண்கள். மொழிபெயர்த்த கையும் சரிபார்த்த கையும் ஒன்றாகவே இருக்கலாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த இரண்டாவது பெயருக்கு உரியவரும் எங்கோ இருப்பார். அவருக்கு இன்னும் செய்தி தெரியாது. தேடிக் கண்டுபிடித்து எழுதும்படி மேலாளரிடம் வற்புறுத்திச் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தொழில் நடக்கும் விதமே திருடனுக்கு வசதி. ஆரம்பம் முதல் முடிவு வரை யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒரு பயோடேட்டாவை ஐம்பது நிறுவனங்களுக்கு அனுப்பினால் ஐந்து பேராவது வேலை தருவார்கள். வந்ததை இயந்திரத்தில் போட்டு எடுத்துக் கொடுத்தால் பத்து நிமிட வேலை. மூன்று பேர் தரம் சரியில்லை என்று நிறுத்தினாலும், சரிபார்க்காமல் பணம் கொடுக்கும் இரண்டு பேர் போதும். பெயர் கெட்டுப்போனால் அடுத்த பெயர்.

முன்பெல்லாம் இயந்திரத் தமிழ் முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். 2017 ஏப்ரலில் கூகுள் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளை வாக்கியத்தை முழுதாகப் பார்த்துப் பெயர்க்கும் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாற்றியது. அதற்குப் பிறகு வாக்கியம் வழுவழுப்பாகவே வருகிறது. வேற்றுமை உருபு சரி, வினைமுற்று சரி, பொருள் மட்டும் தவறு. தமிழ் அறியாத மேலாளருக்கு எதுவும் தெரியாது. தமிழ் அறிந்தவர்கூட அவசரத்தில் தாண்டிப் போய்விடுவார்.

மார்ச் 8, சனி

என்னோடு ஒரு கருத்தரங்கில் பேச்சுகளை வாய்மொழியாகப் பெயர்த்த தங்கை ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன.

"அக்கா, ஒரு சந்தேகம். ஐந்து நாள் மாநாடு. கூலியை முன்பணமாகவே காசோலையில் அனுப்பிவிட்டார்கள். ஆனால் தொகை மூன்று மடங்கு இருக்கிறது. மிச்சத்தை விருந்தினர்களை அழைத்து வரும் வண்டிக்காரருக்கு அனுப்பச் சொல்கிறார்கள்."

"அனுப்பிவிட்டாயா?"

பேச்சில்லை. பிறகு, "பாதி அனுப்பிவிட்டேன் அக்கா. கணக்கில் பணம் ஏறியிருந்ததே."

அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். கணக்கில் தொகை தெரிவதும் காசோலைக்கு உண்மையில் பணம் வந்து சேர்வதும் ஒன்றல்ல. பல வங்கிகள், கொடுத்த வங்கியிடமிருந்து பணம் வருமுன்பே வாடிக்கையாளர் கணக்கில் வரவு காட்டிவிடும். காசோலை போலி என்று திரும்பி வர வாரங்கள்கூட ஆகலாம். திரும்பினால், அதைப் போட்டவர் கணக்கிலிருந்தே முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வார்கள். வண்டிக்காரருக்குப் போன பணம் மட்டும் அவளுடைய சொந்தப் பணமாகிவிடும்.

மீதியில் கை வைக்காதே, உடனே வங்கிக்குப் போய் எழுத்தில் சொல், நீ பணம் அனுப்பப் பயன்படுத்திய நிறுவனத்திலும் புகார் கொடு, காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவிலும் பதிவு செய் என்றேன். எழுதிக்கொண்டாள். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. "இவ்வளவு படித்தும் ஏமாந்துவிட்டேன் அக்கா."

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் மூன்று முறை சொன்னேன். வேலை வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இருக்கும் நேரம் பார்த்து அடிக்கிறார்கள்.

பிறகு அந்தக் கடிதங்களை வாங்கி நிதானமாகப் படித்தேன். ஐந்து நாள் மாநாடு என்கிறார்கள். பேச்சாளர் பேசும்போதே கூடவே பெயர்க்க வேண்டுமா, பேசி முடித்தபின் பெயர்க்க வேண்டுமா என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. கூடவே பெயர்ப்பதானால் ஒருவரால் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது. இருவர் மாறி மாறிச் செய்வார்கள். அந்த இன்னொருவர் யார் என்ற பேச்சே இல்லை. மாநாட்டின் பொருள் என்ன, உரைகள் முன்கூட்டிக் கிடைக்குமா, கருவி ஏற்பாடு யாருடையது என்று எதுவும் இல்லை. சொன்ன கூலிக்குப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அனுப்பிய முகவரியில் ஆங்கில 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார்கள். சிறிய எழுத்தில் பார்த்தால் எனக்கும் 'எம்' என்றே தெரிகிறது.

மார்ச் 10, திங்கள்

வேலை. 2,100 சொற்கள். "விலகிக்கொள்ளலாம்" என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் ஒரு நொடி நின்று போனேன்.

மார்ச் 13, வியாழன்

காசோலை திரும்பிவிட்டது. ஒரு நிஜமான நிறுவனத்தின் கணக்கு எண்ணை அச்சிட்ட போலி. அந்த நிறுவனத்துக்கே தெரியாது. தங்கை அனுப்பிய பணம் திரும்பவில்லை. ஆனால் மீதி பாதியை அவள் அனுப்பவில்லை. மிரட்டிக் கடிதங்கள் வந்திருக்கின்றன, ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போடுவோம் என்று. எதற்கும் பதில் எழுதாமல் எல்லாவற்றையும் புகாரோடு சேர்த்துவிட்டாள். அவள் என்னிடம் தொலைபேசியில் பேசிய அந்தச் சில நிமிடங்களுக்கு நன்றி.

மார்ச் 17, திங்கள்

மொழிபெயர்ப்புப் படிக்கும் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு பதிப்பகத்தின் பெயரைச் சொல்லி டெலிகிராமில் புத்தக மொழிபெயர்ப்பு தருகிறார்களாம். பக்கத்துக்கு நல்ல பணம். முப்பது பக்கம் முடித்துக் கொடுத்தபின், பணத்தை விடுவிக்க முதலில் "பதிவுக் கட்டணம்" கட்டச் சொல்கிறார்கள். கட்ட வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். கட்டியிருந்தால் அடுத்து வரிக் கட்டணம், அதற்கடுத்து மாற்றுக் கட்டணம் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். வேலை செய்தவர் வேலை கொடுத்தவருக்குப் பணம் கட்டும் வழக்கம் எந்தத் தொழிலிலும் இல்லை.

சோதனை மொழிபெயர்ப்பு பற்றியும் கேட்டிருந்தார். 200, 300 சொற்கள் வரை கேட்பது இயல்பு. ஒரே ஆவணத்தைத் துண்டு துண்டாக்கிப் பத்துப் பேரிடம் "சோதனை" என்று இலவசமாக வாங்கி ஒட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். துண்டு நடு வாக்கியத்தில் தொடங்கினால் சந்தேகப்பட வேண்டும் என்று எழுதினேன்.

மார்ச் 21, வெள்ளி

செய்தவை. இணையத்தில் கிடந்த என் பயோடேட்டாவை எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். பொதுவில் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் இருக்கிறது. முழுப் பிரதி கேட்பவர்களுக்கு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெறுபவரின் பெயரும் தேதியும் போட்டு, திருத்த முடியாதபடி பூட்டி அனுப்புகிறேன். பிறந்த தேதியும் கையெழுத்தின் படமும் நீக்கம். என்னுடைய ஒரே மின்னஞ்சல் முகவரி இதுதான், வேறு முகவரியிலிருந்து என் பெயரில் வந்தால் அது நானல்ல என்று இணையப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பூட்டிய கோப்பையும் உடைப்பார்கள், தெரியும். உடைக்க ஐந்து நிமிடம் கூடுதலாகட்டும்.

திருடன் பயன்படுத்திய முகவரியை மின்னஞ்சல் சேவை நிறுவனத்துக்குப் புகார் செய்தேன். முடக்கிவிட்டார்கள்.

மார்ச் 26, புதன்

மதியம் ஓர் அழைப்பு. வேறொரு நிறுவனம். இணையப் பக்கத்தில் என் எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறார்கள். என் பயோடேட்டாவோடு நேற்று ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. இலவசக் கணக்கு, பெயரோடு இந்த முறை மூன்று எண்கள். வேலை கொடுக்குமுன் கேட்டுவிடலாம் என்று நினைத்தாராம் அந்தப் பெண்மணி.

"இது நீங்கள்தானா?"

"இல்லை அம்மா, நானில்லை. இரண்டாம் பக்கத்தில் 2011–2010 என்று இருக்கிறதா பாருங்கள்."

பக்கம் புரட்டும் ஓசை கேட்டது. "இருக்கிறது," என்றார்.